வெண்ணிலா கிளப்புக்கு நான் செய்த உதவி

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு பழக்கூடை வந்தது. கொண்டுவந்தவர் நைட் கிளப் முதலாளி.

நான் சிவகாசிக்காரன். மலேசியாவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் முடியப்போகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று நாலு பேர் கூடுகிற எல்லாக் காரியங்களுக்கும் பத்திரிகை அடிக்கிறேன். குடியிருப்பது கிள்ளானில். காலையில் ரயில், மாலையில் ரயில், இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. ஒரு நைட் கிளப் எனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுக்கும்படியான காரியம் எதையும் இத்தனை வருடத்தில் நான் செய்ததில்லை.

வந்தவர் பெயர் தினேஷ். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் எங்கள் கடைவீட்டு வரிசையில் நான்கு கதவு தள்ளிக் கீழ்த்தளத்தில் இருக்கும் வெண்ணிலா கிளப் அவருடையது. சீனக் கடைக்காரர்கள் அதை வெனிலா என்பார்கள். ஐஸ்கிரீம் கடை என்று நினைத்துக் குழந்தைகளோடு வந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. அன்றைக்கு தினேஷ் அரைக்கால் சட்டையும் ரப்பர் சிலிப்பருமாக, கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார்.

“அண்ணே, ரொம்ப நன்றி லா அண்ணே. நீங்க எழுதுன லெட்டரோட காப்பி ஆபீஸ்ல குடுத்தாங்க. இந்தக் காலத்துல யாருண்ணே இப்படி எழுதுவா? எங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன். அழுதிருச்சு.”

நான் அந்தக் கிளப்பை எதிர்த்துத்தான் கடிதம் எழுதியிருந்தேன். அதைப் படித்து அவர் அம்மா அழுதிருந்தால் நியாயம். அதற்கு எதற்கு மாதுளை, திராட்சை, நடுவில் ஓர் அன்னாசி?

உள்ளேயிருந்து என் மனைவி தேவி வந்து கூடைக்குள் செருகியிருந்த நகலை வாங்கிப் படித்தாள். தேவி இந்த நாட்டிலேயே, ஜெஞ்சாரோமில் பிறந்து வளர்ந்தவள். மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவது வரியில் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தினேஷிடம், “உக்காருங்க தம்பி, தண்ணி கலக்குறேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே அவள் சிரிக்கும் சத்தம் தேநீர் கொதிக்கும் வரை கேட்டது.

2

நடந்தது இதுதான். வெண்ணிலா கிளப்புக்கு இரவு ஒரு மணி வரை திறந்திருக்க உரிமம் இருக்கிறது. அதை மூன்று மணியாக நீட்டித்துத் தரும்படி தினேஷ் விண்ணப்பித்திருந்தார். அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லலாம் என்று நகர மன்றத்தார் அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் கனகசபை அங்கிள் அன்றைக்கே களத்தில் இறங்கினார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அங்கிளும் முப்பத்தெட்டு வருடம் ரயில்வே அலுவலகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். எங்கள் மாடிப்படியில் விளக்கு எரியவில்லை என்றாலும் மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் “தங்கள் பணிவுள்ள” என்று முடிப்பார்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். அதற்குள் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நாள் வந்துவிட்டது.

“முருகேசு, இதை மலாயில போட்டு, வடிவா அச்சடிச்சு, கையெழுத்துத் தாளையும் சேர்த்து அனுப்பிவிடும். நீர் அச்சுத் தொழில்காரர். பிழை வராது.”

பிழை வராது என்று சிவகாசிக்காரனிடம் ஒருவர் சொல்லிவிட்டால் பிறகு அவன் யாரிடமும் யோசனை கேட்கமாட்டான். தேவி, “நான் ஒரு தடவை பாத்துத் தரவா?” என்று கேட்டாள். “நான் இந்த நாட்டுல கால் நூற்றாண்டு இருந்திருக்கேன்” என்றேன்.

மலாயில் எதிர்ப்பதற்கு ஒரு சொல் உண்டு, ‘பந்தா’. உதவுவதற்கு ஒரு சொல் உண்டு, ‘பந்து’. தமிழில் ஒன்று அலட்டல், இன்னொன்று விளையாட்டுச் சாமான். இரண்டில் எது எதிர்ப்பு என்று எனக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் இருந்திருக்கிறது. அன்றைக்கு என் மூளை வேறு உதவிக்கு வந்தது. ‘ஒருமனதாக’ என்பதை மலாயில் ‘செபுலாட் சுவாரா’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் உருண்டையான ஒரே குரல். உருண்டை என்றால் பந்துதானே? அப்படியானால் எதிர்ப்பும் பந்துதான் என்று தைரியமாக அடித்தேன்: நாங்கள் நாற்பத்தொரு குடியிருப்பாளர்களும் ஒருமனதாக இந்த விண்ணப்பத்துக்கு ‘மெம்பந்து’, அதாவது உதவுகிறோம். அதற்குக் கீழே கனகசபை அங்கிள் சொன்ன காரணங்கள் வரிசையாக வந்தன. நள்ளிரவுக்குப் பிறகும் இசை எங்கள் படுக்கையறை வரை வருகிறது. இளைஞர்கள் சாலையில் ஆடுகிறார்கள். எங்கள் குழந்தைகள் தூங்குவதில்லை. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு உதவுகிறோம்.

தினேஷின் அம்மா ஏன் அழுதார் என்று இப்போது புரிந்தது.

கடிதத்தை நல்ல கனமான தாளில், அங்கிள் பெயரைத் தங்க நிறத்தில் அடித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகைத் தாள் மிச்சம் இருந்தது.

எனக்கு இந்தக் கிளப்பின் மேல் அப்படி என்ன கோபம் என்று ஊரிலிருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம். தேவியும் கேட்டிருக்கிறாள். “பட்டாசு ஊர்ல பொறந்தவருக்குச் சத்தம் ஆகாதாம்!” சிவகாசியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஃப்செட் மிஷின் விடிய விடிய ஓடும். புத்தாண்டுக் காலண்டர் வேலை வந்துவிட்டால் மூன்று மாதம் நிற்காது. அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன், தூங்கினேன், பத்தாவதில் கணக்கில் தோற்றேன். ஆனால் மிஷின் ஒரே மாதிரி ஓடும். வெண்ணிலா கிளப் அப்படியில்லை. தூக்கம் வரும்போது நிறுத்துவான். சரி, முடிந்தது என்று கண்ணை மூடினால் மறுபடி தொடங்குவான்.

3

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நகர மன்ற அலுவலகத்துக்குப் போனேன். எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டைப்பையில் என் சிவப்பு அடையாள அட்டை இருந்தது. நிரந்தரவாசிகளுக்குத் தருவது. பதினோரு வருடம் அலைந்து வாங்கியது. மலாய் தப்பாக எழுதியதற்காக அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்று ஒரு பயம். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது என்று தேவி சொல்லித்தான் அனுப்பினாள். இருந்தாலும் பையை ஒரு கையால் மூடிக்கொண்டேன்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ‘பாக்சிக்’ என்று, மாமா முறை வைத்து மரியாதையாகப் பேசினார்.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதற்கு மலாயில் ‘தாரிக் பாலிக்’ என்று சொல்ல வேண்டும். பின்னால் இழுப்பது. எனக்கு அந்த நேரத்தில் இழுப்பது மட்டும்தான் ஞாபகம் வந்தது. “நான் தாரிக் பண்ண வேண்டும்” என்றேன்.

“தே தாரிக்கா? கேன்டீன் கீழே இருக்கிறது, பாக்சிக்” என்றார். இங்கே இழுத்து ஆற்றுகிற பால் தேநீருக்கு அதுதான் பெயர்.

அரை மணி நேரம் ஆயிற்று. கையைக் காட்டி, தலையை ஆட்டி, கடைசியில் ஒரு தாளில் கிளப், அதற்கு மேல் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் தூங்கும் மனிதன் என்று படம் போட்டு விளக்கினேன். படத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அலுவலகத்தில் சிரிக்கக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்ப்புத் தெரிவிக்கும் கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்றார். ஆனால் வரும் சனிக்கிழமை காலையில் கருத்துக் கேட்புக் கூட்டம். அவர்தான் வந்து குறிப்பெடுக்கப் போகிறார். அங்கே எழுந்து வாயால் சொல்லிவிட்டால் போதும், பதிவு செய்துகொள்கிறேன் என்றார்.

“மலாயிலா?” என்று கேட்டேன்.

“பாக்சிக்குக்குப் படமும் நன்றாக வருகிறது” என்றார்.

4

அன்று மாலை கனகசபை அங்கிளிடம் போய் உண்மையைச் சொன்னேன். இரண்டாவது கண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து, அதில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“நாற்பத்தொரு பேர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவை. நான் உம்மை நம்பினனான்” என்றார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். மகள் யாழினி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். இருபத்திரண்டு வயது. கல்லூரியில் கடைசி வருடம். வெளியில் அவளுக்கு யாஸ் என்று பெயர். என்னோடு தமிழில் பேசுவாள், ஆனால் மூன்று விஷயங்களுக்குத்தான்: சாப்பாடு, வைஃபை, அனுமதி. மற்றதெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் அவள் தோழிகளோடு முடிந்துவிடும்.

“சனிக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சு, தப்பா எழுதிட்டேன்னு சொல்லப் போறேன்” என்று தேவியிடம் சொன்னேன்.

யாழினி தலை நிமிர்ந்தாள். “தப்பாவா? எது தப்பு?”

“அந்தக் கிளப் லெட்டர். எதிர்க்கிறோம்னு எழுத வேண்டியது, உதவுறோம்னு விழுந்திருச்சு.”

“நான் அந்த லெட்டர் படிச்சேன்பா. நீங்க இந்த மேசைலதான் வெச்சிருந்தீங்க. மெம்பந்துன்னு இருந்துச்சு.”

“படிச்சியா? அப்புறம் ஏன் சொல்லல?”

“நான் நெனச்சேன், நீங்க நெஜமாவே சப்போர்ட் பண்றீங்கன்னு.” குரல் இறங்கிவிட்டது. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பா ரொம்ப கூல், எல்லா அங்கிளையும் கன்வின்ஸ் பண்ணிட்டாருன்னு. ஃபோட்டோ எடுத்து குரூப்ல கூடப் போட்டேன்.”

நான் தேவியைப் பார்த்தேன்.

“ஓ” என்றாள். “ஓகே லா.” மடிக்கணினியை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மூன்று வாரமாக என் மகள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரம் ரயிலில் நின்றுகொண்டு போகும்போதாவது கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

5

சனிக்கிழமை கூட்டத்துக்குச் சமூக மண்டபம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு கல்யாணம். பத்திரிகை நான் அடித்ததுதான். என்ன செய்வது என்று எல்லோரும் விழித்தபோது, “நம்ம எடம் காலைல சும்மாதானே இருக்கு” என்றார் தினேஷ். ஆகவே வெண்ணிலா கிளப்பை எதிர்க்கும் கூட்டம், காலை பதினோரு மணிக்கு, வெண்ணிலா கிளப்பில் நடந்தது.

பகலில் அது ஒரு பெரிய இருட்டறை. தரை துடைக்கும் எலுமிச்சைத் திரவத்தின் வாசனை. மைக்குக்கும் சுழலும் வண்ண விளக்குகளுக்கும் ஒரே சுவிட்ச். மைக் வேண்டுமென்றால் விளக்கும் சுழலும். தினேஷின் அம்மா நீண்ட காம்புள்ள கண்ணாடிக் கோப்பைகளில் ரோஸ் நிறத்தில் ஏதோ கொண்டுவந்து கொடுத்தார். கனகசபை அங்கிள் முகர்ந்து பார்த்தார்.

“பண்டுங் ஐயா. வெறும் பாலும் சிராப்பும்தான்” என்றார் அந்த அம்மா.

அங்கிள் இரண்டு கோப்பை குடித்தார்.

மன்றத்துப் பெண் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் முகம் பச்சையாகி, நீலமாகி, மறுபடி பச்சையாயிற்று. கடிதம் எழுதியவர் பேசலாம் என்றார். எழுந்தேன். நாற்பது முகங்கள். மூன்று நாளாக மனப்பாடம் செய்த மலாய் அத்தனையும் என்னை விட்டுப் போயிருந்தது. ‘பந்தா’வும் ‘பந்து’வும் மட்டும் மாறி மாறி வந்தன.

“தமிழிலயே சொல்லும். ஆராவது மொழிபெயர்க்கட்டும்” என்றார் அங்கிள்.

யாரும் எழவில்லை. நான் செய்த வேலைக்குப் பிறகு என் சொல்லைத் தூக்கிச் சுமக்க யாருக்கு மனம் வரும்? பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். யாழினி, தன் தோழிகள் நடுவிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. “சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். கடிதத்தில் நடந்தது என்னுடைய தவறு, மற்றவர்கள் யாரும் பொறுப்பில்லை. நாற்பத்தொரு பேரும் எதிர்க்கத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஐந்து மணிக்கு எழுந்து ரயில் பிடிக்க வேண்டியவன். பாட்டு காதுக்கு வருவதில்லை, கட்டில் கால் வழியாக முதுகுக்கு வருகிறது. அச்சகத்தில் தூங்கி வழிந்து, ஒரு தடவை மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயரை அடித்துவிட்டேன்.

யாழினி ஒவ்வொன்றையும் மலாயில் சொன்னாள். குறைக்கவில்லை. முதுகைப் பற்றிச் சொல்லும்போது அவளே முதுகைத் தொட்டுக் காட்டினாள். நான் சொன்னபோது யாரும் சிரிக்காத மாப்பிள்ளை விஷயத்துக்கு அவள் சொன்னபோது கூட்டமே சிரித்தது. எதிர்க்கிறோம் என்பதற்கான ‘மெம்பந்தா’ என்ற சொல் வந்தபோது மட்டும் அதை நிறுத்தி, அழுத்தி, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

முடித்துவிட்டு, “இப்ப என் டர்ன்” என்றாள். மைக்கை வாங்கித் தன் சார்பில் மலாயில் பேசத் தொடங்கினாள்.

அப்போது யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். லெட்சுமி ஆன்டி. கிளப்புக்கு நேர் மேலே, முதல் மாடியில் தனியாக இருப்பவர். எழுபத்தாறு வயது. இந்த வரிசையிலேயே கிளப்பால் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்கிற ஒரே ஆள் அவர்தான். இரவு ஒன்பது மணிக்குக் காது மிஷினைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார்.

“என்னய்யா சொல்லுது உம் பொண்ணு? மிஷின்ல பேட்டரி போச்சு. சத்தமாச் சொல்லு.”

மன்றத்துப் பெண் எங்களைக் கவனித்துவிட்டார். நேர் மேலே வசிப்பவர் சொல்வதுதான் தனக்கு முக்கியம், அவர் காதில் நன்றாகப் போட்டுவிட்டுக் கருத்தைக் கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார். யாழினி பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வரி சொல்ல வேண்டும், நான் அதைத் தமிழில் கத்த வேண்டும்.

என் மனதில் ஓர் எண்ணம் ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். கொஞ்சம் மாற்றிச் சொன்னால் போதும். என் மொழிபெயர்ப்புத்தான் ஊரறிந்ததாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் யாழினி என் கட்டில் காலைக்கூட விடாமல் சொல்லியிருந்தாள்.

“ஆன்டி!” என்று கத்தினேன். “இவ ஃபிரெண்டு ஒண்ணு தெலுக் பங்லிமா காராங்ல ஃபேக்டரில வேலை செய்யுது! ஷிப்ட் முடிய ராத்திரி பதினொண்ணு! குளிச்சுக் கிளம்பி இங்க வரப் பன்னெண்டு!”

“சரி!”

“ஒரு மணிக்கு லைட்டப் போட்டுப் போகச் சொல்றாங்களாம்! அது எப்ப ஆடும்?”

“நியாயம்தானே!” என்றார் ஆன்டி.

“ஒரே நேரத்துல எல்லாரும் வெளிய வர்றாங்க! அத்தன பேருக்கும் கார் கிடைக்காது! நம்ம ஜன்னலுக்குக் கீழ நின்னு ஃபோன்ல கத்துறாங்க! நம்ம தூக்கத்தக் கெடுக்கறது உள்ள ஆடுறது இல்ல, வெளிய நிக்கறதுதான்! லேட்டா மூடுனா ஒவ்வொருத்தரா நிதானமா வீட்டுக்குப் போவாங்க!”

மைக் பக்கத்தில் இருந்ததால் நான் கத்தியது அத்தனையும் பெரிய ஒலிபெருக்கிகளில் போயிற்று. வண்ண விளக்குகள் சுழல, நைட் கிளப் மேடையில் நின்று, நைட் கிளப் மூன்று மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று நான் முழங்கிக்கொண்டிருந்தேன். தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தக் கத்த, யாழினி சொல்வதில் பாதி சரிதானே என்று எனக்கே படத் தொடங்கியது. ஒரு மணிக்கு என்னை எழுப்பியது எப்போதும் சாலைச் சத்தம்தான். அதைக் கனகசபை அங்கிளும் யோசித்திருக்க வேண்டும். அவர் ஊதா நிற முகத்தில் மறுத்துப் பேசும் அவசரம் தெரியவில்லை.

“ஆன்டி, நீங்க என்ன சொல்றீங்க?”

லெட்சுமி ஆன்டி எழுந்து நின்றார். “மூணு மணி ஆகாது” என்றார். “மூணு மணிக்கு நான் பாத்ரூமுக்கு எந்திரிப்பேன். அப்ப மிஷின மாட்டிக்குவேன். அந்த நேரம் எனக்கு அமைதியா இருக்கணும். ரெண்டு மணிக்கு மூடச் சொல்லு.”

யாழினி மலாயில் சொல்லச் சொல்ல, மன்றத்துப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பாத்ரூமையும் எழுதினாரா என்று தெரியவில்லை.

6

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வெள்ளி, சனி மட்டும் இரண்டு மணி வரை. மூன்று மாதத்துக்குச் சோதனையாக. பன்னிரண்டுக்குப் பிறகு சத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கனகசபை அங்கிள் முடிவைப் புதுக் கண்ணால் படித்துவிட்டு, “பரவாயில்லை” என்றார். ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அதைத் தேவியிடம் கொடுத்தார்.

முதல் வெள்ளிக்கிழமை யாழினி வந்து நின்றாள். “அப்பா, வெண்ணிலா போறேன். ஷிப்ட் முடிச்சு என் ஃபிரெண்டும் வரா.” அனுமதி கேட்கிற குரல்தான். ஆனால் மறுக்க எனக்கு வாய் ஏது? ஒலிபெருக்கியில் கத்தியவன் நான்.

வரிசை முழுக்க அன்று யாரும் தூங்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. சத்தம் எவ்வளவு வருகிறது பார்ப்போம், வந்தால் புகார் எழுதுவோம் என்று ஆளாளுக்குப் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். அங்கிள் கையில் பேனாவே வைத்திருந்தாராம்.

நானும் கிடந்தேன். பன்னிரண்டரைக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாழினி.

“என்னம்மா, அதுக்குள்ள?”

“போர் லா அப்பா. எல்லாம் உங்க காலத்துப் பாட்டாப் போடறாங்க. அவ இன்னும் ஆடிக்கிட்டு இருக்கா, ஃபேக்டரில நின்னு நின்னு கால் மரத்துப் போச்சாம். எனக்குத் தூக்கம் வருது.” கூடத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கப் போனவள், கதவருகே நின்றாள். “நீங்க இன்னும் தூங்கலையா?”

“தூங்கணும்.”

“அன்னிக்கு நல்லாக் கத்துனீங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாடும் இல்லை, வைஃபையும் இல்லை, அனுமதியும் இல்லை.

திரும்பிப் படுத்தேன். உண்மையாகவே சத்தம் குறைந்திருந்தது. குறைந்திருந்ததால்தான் என்ன பாட்டு என்று முதல் முறையாகக் காதில் விழுந்தது. வாலிப நாட்களில் சிவகாசி பஸ் நிலையத்து டீக்கடையில் அதை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அது முடிந்து இன்னொன்று. அதுவும் தெரிந்த பாட்டு. அடுத்ததும். இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

“தூங்குங்களேன், மணி என்னாச்சு பாருங்க” என்றாள் தேவி.

“இரு, இது முடியட்டும்” என்றேன்.

பாட்டில் இரண்டாவது சரணம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு, புல்லாங்குழல் தனியாக ஏறிப் போகும். அது வருவதற்குச் சரியாக ஒரு வரி முன்னால் மணி இரண்டு அடித்தது. தினேஷ் சொன்ன சொல் தவறாதவர். அப்படியே நிறுத்திவிட்டார்.

எழுந்து உட்கார்ந்தேன். “என்னய்யா இவன், இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா என்ன?” என்றேன்.